இருபது மடங்கு

பிரெய்ல் பக்கத்தில் பிழை திருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சடித்த தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, காதில் விழுவதும் விரலில் படுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அக்கா முப்பது வருஷமாக அந்த இரண்டாவது ஆள். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் அந்த அச்சகத்தில் அவள் விரலுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. அமுங்கிப்போன ஒரே ஒரு புள்ளிக்காக ஐந்நூறு பிரதிகளைத் திருப்பி அனுப்பியவள்.

அன்றைக்கு வழக்கமாக வாசிக்கும் பெண் லீவு. மியூசியத்திலிருந்து ஆறு விளக்கப் பலகைகள் அவசரமாக வந்திருந்தன. வாசிப்பதற்குத் தம்பியே வந்து உட்கார்ந்தான். தம்பி என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம், ஐம்பத்து மூன்று வயது. மியூசியத்தில் மாதிரி வடிவங்கள் செய்பவன். முழங்கை வரை எந்நேரமும் பிளாஸ்டர் தூள் அப்பியிருப்பதால் அங்கே அவனுக்குப் பெயர் சுண்ணாம்பு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவனுடைய நிஜப் பெயர் புழங்குவதில்லை.

மியூசியத்தில் புதிதாக ஓர் அறை திறக்கப் போகிறார்கள். பார்வையில்லாதவர்கள் விரலால் தொட்டு வானத்தையும் பூமியையும் அறிந்துகொள்ளும் அறை. கோணல்மாணலான ஒரு விண்கல், நிலா, செவ்வாய் என்று வரிசையாகப் போய், நடுவில் அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பூமி உருண்டை. எல்லாம் சுண்ணாம்பின் கைவேலை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. அது போடாமல் கதவு திறக்காது.

ஐந்து பலகை வரை வேலை வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவது, பூமி. சுண்ணாம்பு வாசித்துக்கொண்டே வந்தான்.

"குறிப்பு. மலைகளின் உயரம் இருபது மடங்கு கூட்டிக் காட்டப்பட்டுள்ளது."

அக்காவின் விரல் தாளைத் தாண்டி மேசை விளிம்பில் போய் நின்றது.

"அது இங்க இல்லடா."

"எது?"

"இப்ப வாசிச்சியே, கடைசி வரி. எனக்கு வரவே இல்ல."

சுண்ணாம்பு எட்டிப் பார்த்தான். அச்சுத் தாளின் அடியில் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது. பிரெய்ல் இடத்தை அடைக்கும், பலகையோ சின்னது, யாரோ இந்த ஒரு வரிதானே என்று விட்டிருப்பார்கள். அதைச் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"கூட்டிக் காட்டறதுன்னா என்ன?"

"அப்படித்தான்க்கா செய்வாங்க. உலகம் பூரா அப்படித்தான். நிஜ அளவுல வச்சா ஒண்ணும் தெரியாது."

"நிஜ அளவுல எப்படி இருக்கும்?"

"வழவழன்னு இருக்கும்."

அக்கா கையைத் தாளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையை மடியில் வைத்தால் கோபம் என்று அர்த்தம், அது தம்பிக்குத் தெரியும்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, மலை என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டாள். உயரமானது என்றார் ஆசிரியர். எவ்வளவு உயரம் என்றாள். ரொம்ப உயரம் என்றார். வீட்டுக்கு வந்து அழுதாள். ஒன்பது வயதுத் தம்பி ஒரு ரப்பர் பந்தை எடுத்து, அதன்மேல் களிமண்ணால் மலைமலையாக அப்பி, இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு மலையும் விரல் முட்டி அளவு. பூமி இதுதான் என்றான். அக்கா நம்பினாள். அன்றிலிருந்து அவளைப் பொறுத்தவரை பூமி ஓர் அன்னாசிப்பழம்.

நம்பியதோடு விட்டாளா? அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஓர் அறிவியல் புத்தகம் வந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் பூமி வழவழப்பான பந்து என்று அதில் ஒரு வரி. தவறு, நீக்கவும் என்று எழுதி அனுப்பினாள் அக்கா. பதிப்பாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நீக்கிவிட்டார். நாலாயிரம் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள்.

"நாலாயிரம் பேருடா," என்றாள் அக்கா இப்போது. "என்னால, அதாவது உன்னால."

"அக்கா, நான் அப்ப சின்னப் பையன்."

"இப்ப என்ன வயசு உனக்கு? மறுபடியும் அதையேதான பண்ணி வச்சிருக்கே, பெரிசா." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "வேற எதையெல்லாம் கூட்டி வச்சே? தீக்குச்சியில ஒரு பாலம் பண்ணிக் கொடுத்தியே, அது? யானை? கப்பல்? உன் கையை நம்பித்தான்டா எனக்கு இந்த உலகமே."

எது எந்த அளவில் செய்தது என்று அந்த நேரத்தில் சுண்ணாம்புக்கு ஞாபகம் வரவில்லை. அவன் மென்று விழுங்கியதை, எல்லாமே பொய் அளவுதான் என்று அக்கா எடுத்துக்கொண்டாள். அதைவிட நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை அக்கா மியூசியத்துக்கே வந்துவிட்டாள். பட்டறையில் பூமியின் பக்கம்கூடத் திரும்பாமல் நேரே விண்கல்லிடம் போய் நின்று, ஆலோசகரைக் கூப்பிடச் சொன்னாள். ஆலோசகர் என்பது வானியல் படித்த ஓர் அம்மாள். முதுகுக்குப் பின்னால் கிரகம் என்பார்கள், முகத்துக்கு நேரே மேடம். கேள்வி கேட்டால் போதும், சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார்.

"இந்தக் கல்லு ஏன் மேடம் இப்படிக் கோணலா இருக்கு? இதுவும் இவன் கைங்கரியமா?"

"இல்லம்மா, அது நிஜமாவே கோணல்தான். சின்னதா இருக்கறதால." கிரகம் மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாப் பொருளுக்கும் ஈர்ப்பு உண்டு. எல்லாப் பக்கத்துலேருந்தும் நடுவைப் பாத்து இழுக்கும். ஆனா இந்தக் கல்லு மொத்தமே ரெண்டு மூணு கிலோமீட்டர். இழுக்கற பலம் கம்மி. பாறையோட பிடிவாதம் ஜெயிச்சிடுது. பொறந்த கோணலோட அப்படியே சுத்திட்டிருக்கும்."

"பெரிசானா?"

"சில நூறு கிலோமீட்டர் தாண்டினா கதை மாறிடும். அவ்வளவு கனத்தைப் பாறையால தாங்க முடியாது. துருத்திட்டு இருக்கறது இறங்கும், பள்ளம் நிரம்பும். போகப்போகத் தானே உருண்டையாயிடும்."

"யாரும் தேய்க்க வேணாம்."

"வேணாம். அதோட கனமே அதைத் தேய்ச்சிடும்."

அக்காவின் முகம் மாறுவதைச் சுண்ணாம்பு பார்த்தான். கோபம் போய்விடவில்லை, ஆனால் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து இதற்கு இடம் விட்டது. அவள் செவ்வாயிடம் நகர்ந்து அதன் பெரிய மலையின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்போ இது? இவ்வளவு பெரிசா எப்படி நிக்குது?"

"உங்க தம்பி இதையும் கூட்டித்தான் வச்சிருக்காரு. ஆனா நிஜத்துலயே அது நம்ம உயரமான மலையை மாதிரி ரெண்டரை மடங்கு. அங்க ஈர்ப்பு கம்மிம்மா. இங்க அறுபது கிலோ இருக்கறவங்க அங்க இருபத்து மூணு கிலோ."

"நான் அங்கயே போயிடறேன்."

"மலைக்கும் அதே சலுகைதான். கனம் கம்மி, அதனால அடிப்பாறை தாங்குது. அந்த மலையைத் தூக்கி இங்க கொண்டாந்து வச்சா அடி தாங்காது. மெல்ல மெல்ல அமுங்கி இறங்கிடும்."

"இங்க எவ்வளவுதான் தாங்கும்?"

"இப்ப இருக்கறதே ஏறக்குறைய எல்லைதான். கொஞ்சம் கூட இருக்கலாம். ரெண்டு மடங்கெல்லாம் வாய்ப்பில்ல."

அக்கா தலையாட்டினாள். பிறகு அறுபது சென்டிமீட்டர் உருண்டையில் பூமியின் மிக உயரமான மலை கணக்குப்படி எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். கிரகம் மேடம் போனில் தட்டிப் பார்த்துச் சொன்னார், பூஜ்யம் புள்ளி நாலு மில்லிமீட்டர். இடுப்புப் பக்கம் பூமி கொஞ்சம் பருத்திருக்கும், சுற்றுவதால் வந்த சதை, அது இரண்டு மில்லிமீட்டர்.

"என் புள்ளி அரை மில்லிமீட்டர்," என்றாள் அக்கா. "அதைத்தான் நான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தடவிட்டிருக்கேன். பூஜ்யம் புள்ளி நாலு எனக்குப் போதும். எனக்கு நிஜ பூமி வேணும். அது வராம கையெழுத்து வராது."

மியூசியத்தின் இயக்குநர் ஓடிவந்தார். எதற்கும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்பவர். இந்த அறைக்காக ஒரு வருஷம் அலைந்தவர், அவரையும் குறை சொல்ல முடியாது. "மொட்டைப் பந்தை நடுவுல வச்சா வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க? தடவிட்டு ஒண்ணுமில்லன்னு போயிடுவாங்க," என்றார். அக்கா மசியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சுண்ணாம்பு நிஜ அளவில் ஒரு பூமி செய்வான். யாரும் வழிகாட்டாமல் அக்கா தன் விரலால் உயரமான மலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அந்தப் பூமி அறைக்குள் போகும். இல்லாவிட்டால் பழைய பூமியே போகும், அக்கா வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வாரம். சுண்ணாம்பு தன் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. உருண்டையை வார்த்து, தேய்த்து, மெல்லிய தூரிகையால் பிசினைப் பூசிப் பூசிக் கண்டங்களை எழுப்பினான். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே அளவுமானியை வைத்துப் பார்த்தான். பெயின்ட் அடிப்பது பற்றி யோசித்துவிட்டுக் கைவிட்டான். ஒரு கோட்டிங் பெயின்டில் உலகத்து மலையெல்லாம் முழுகிப் போய்விடும். உருண்டை வெள்ளையாகவே இருந்தது. விளக்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் அதில் ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த மலை தரையிலிருந்து எழும்பி நிற்கவில்லை. ஏற்கனவே உயர்ந்த பீடபூமியின் விளிம்பில் நிற்கிறது. பூஜ்யம் புள்ளி நாலில் பாதிக்கு மேல் அந்தப் பீடபூமியே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் தலைமயிர் இரண்டை அடுக்கி வைத்த உயரம். கண்ணை மூடிக்கொண்டு தன் விரலால் தடவிப் பார்த்தான். முப்பது வருஷம் பிளாஸ்டரில் காய்த்துப்போன விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

இயக்குநருக்கு முன்னால் அக்கா அந்த வெள்ளைப் பந்தைத் தடவித் தடவித் தேடுவதும், கடைசியில் கையை மடியில் வைத்துக்கொள்வதும் அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாங்க முடியவில்லை. தூரிகையின் நுனியால் பிசினைத் தொட்டு அந்த மலையின் தலையில் வைத்தான். காய்ந்ததும் இன்னொரு முறை. இருபது மடங்கெல்லாம் இல்லை, வெறும் இரண்டு மடங்கு, அதுவும் அக்காவுக்காக என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு கையைக் கழுவப் போனான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, உருண்டையின்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். முதலில் இடுப்புச் சதையைத் தேடினாள். அது விரலில் சிக்கவில்லை, சிரித்தாள். "நல்லா மறைச்சிட்டாங்க," என்றாள். பிறகு விரல்கள் மெல்ல ஊர்ந்தன.

"இது கடல். வழவழன்னு இருக்கு." கொஞ்ச தூரம் போனாள். "கரை. இதோ, ஓரமாவே ஒரு தையல் மாதிரி ஓடுது. மலைத்தொடர். நீளமாப் போகுதே, அம்மாடி." கிரகம் மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் உருண்டைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்கா மறுபக்கம் வந்தாள். விரல் மெதுவாக ஏறியது, பீடபூமி. அதன் தெற்கு விளிம்புக்கு வந்ததும் ஆள்காட்டி விரல் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டாங்க," என்றார் இயக்குநர். குரலில் நிஜமான சந்தோஷம். "அதுதான், அதேதான். கையெழுத்துப் போட்டுடலாம்மா."

அக்கா விரலை எடுக்கவில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டினாள்.

"இது இல்ல," என்றாள்.

இயக்குநர் கையிலிருந்த சார்ட்டை இன்னொரு முறை பார்த்தார்.

"என்னம்மா இது, அதுதானே மலை. சார்ட்டுல அங்கதான் இருக்கு."

"இடம் சரிதான் சார். மலை சரியில்ல." முகத்தைத் தம்பி நின்ற பக்கம் திருப்பினாள். "எவ்வளவு வச்சே?"

"கணக்குப்படிதான்க்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா தோள்பையைத் துழாவி ஒரு பிரெய்ல் தாளை எடுத்தாள். அதை உருண்டையின்மேல் படியவைத்து, ஒரு விரலைத் தாளின் புள்ளியிலும் இன்னொன்றை மலையிலும் வைத்தாள்.

"இது அரை. நீ வச்சது இதைவிட ஜாஸ்தி. புள்ளி நாலு இருக்கணும், இது புள்ளி எட்டு." பிறகு கிரகம் மேடத்திடம் கேட்டாள். "மேடம், இவ்வளவு உயரம் இங்க நிக்குமா?"

கிரகம் மேடம் சுண்ணாம்பைப் பார்த்தார். பாவம், அவருக்கும் பொய் சொல்ல வராது. "நிக்காதும்மா. அடி அமுங்கிடும்."

"பூமியே இறக்கி விட்டுடும்டா," என்றாள் அக்கா. "நீ மட்டும் எதுக்குத் தூக்கிப் பிடிக்கறே?"

"நீ தோத்துடுவேன்னு பயமா இருந்துச்சுக்கா." கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வேறு என்ன வரும், கண்ணீர் வந்தது. ஐம்பத்து மூன்று வயதில், இயக்குநர் பார்க்க. "என் விரலுக்கே தெரியல. சத்தியமாத் தெரியல."

"உன் விரலுக்குத் தெரியாது. உப்புத்தாள் கொண்டா. பொடியில பொடியா இருக்கறதா பாத்து."

கொண்டுவந்தான். அவன் ஒரு தேய்ப்புத் தேய்ப்பான், அவள் தொட்டுப் பார்ப்பாள். இன்னும், என்பாள். மறுபடி தேய்ப்பான். இயக்குநர் கைக்குட்டையைக் கழுத்துக்குக் கொண்டுபோக மறந்து நின்றுகொண்டிருந்தார். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு, "நிறுத்து," என்றாள் அக்கா. சுண்ணாம்பு அளவுமானியை வைத்துப் பார்த்தான். பூஜ்யம் புள்ளி நாலு.

"போச்சு," என்றார் இயக்குநர். "இப்ப அங்க ஒண்ணுமே இல்லயே."

"கண்ணை மூடுங்க சார்."

அவர் மூடினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்துக்குப் பக்கத்தில் விட்டாள். அழுத்தாதீங்க என்றாள், மெல்ல ஓட்டுங்க என்றாள். அவர் விரல் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. நின்றது. அவர் கண்ணைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் அங்கே நின்றார். "இருக்கு," என்றார் மெதுவாக. "மயிரிழைதான். ஆனா இருக்கு."

அக்கா கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தாள். பழைய பூமியையும் பக்கத்தில் வைக்கலாம், கத்துக்கிற பிள்ளைகளுக்கு உதவும், ஆனால் இருபது மடங்கு என்ற அந்த வரி பலகையின் முதல் வரியாக, பிரெய்லில் வர வேண்டும். இயக்குநர் பெரிய பலகையாகவே செய்துவிடலாம் என்றார்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சுண்ணாம்பு தரையில் கொட்டிய தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான். அக்கா உருண்டையை விட்டு நகரவில்லை.

"இன்னிக்குப் பாத்துப் பாத்துத் தேய்ச்சே," என்றாள்.

"ஆமாக்கா."

"சரி, இப்ப சொல்லு. அந்தப் பாலம்?"

இந்த மூன்று வாரத்தில் அவன் ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருந்தான். "பாலம் சரியான அளவுதான். கப்பல்ல புகைபோக்கி கொஞ்சம் பெரிசு. யானைக்குத் தும்பிக்கை நீளமாப் போயிடுச்சு, களிமண் மிச்சம் இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். அந்த மூன்று வாரத்தில் அவனைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான். சுண்ணாம்பு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நாம எங்கடா இருக்கோம்? இதுல."

அவன் வந்து அவள் விரலைப் பிடித்து, அவர்களுடைய ஊர் இருக்கும் இடத்தில் வைத்தான். அச்சகமும் மியூசியமும் அவர்கள் வீடும், வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிற அந்தக் களிமண் பந்தும், எல்லாம் அந்த விரல் நுனிக்குக் கீழே. அக்கா விரலை மெதுவாக அசைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலயே."

பிசின் டப்பா மேசையில்தான் இருந்தது, மூடிகூடப் போடவில்லை. ஒரு சொட்டு வைத்தால் போதும், சின்னதாக ஒரு புள்ளி, யாருக்கு நஷ்டம் என்று சுண்ணாம்பின் கை ஒரு நிமிஷம் துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தெரியாதுக்கா," என்றான். "இங்க அவ்வளவுதான்."

"சரி," என்றாள் அக்கா. விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.